சஹனில் ஓர் இடம்

பாயின் இடது முட்டி மடங்க வேண்டும். போன ஆண்டின் பாதியை நான் இந்த ஒரே நினைப்போடு கழித்தேன். வகுப்பில் பாடம் நடத்தும்போதும், மாட்டுத்தாவணி சிக்னலில் நிற்கும்போதும் அந்த முட்டிதான் கண்ணுக்குள் நின்றது. அது மடங்கினால் பாய் பழையபடி நடமாடுவார் என்பது மட்டுமல்ல. என் மகள் பழையபடி சாப்பிடுவாள், தூங்குவாள் என்று நான் நம்பினேன்.

பாய் என்று நான் கூப்பிடுகிறவர் தெற்கு மாசி வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய குடும்பம் ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் மதுரைக்கு வந்தது. நான் மேலூர்ப் பக்கத்துக்காரன். ஒத்தக்கடையில் வீடு கட்டிக்கொண்டு அருகிலேயே ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். எங்களைச் சேர்த்து வைத்தது கைட் சர்ஃபிங். பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் ஏற்றி, அதன் கயிறுகளை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, காலடியில் ஒரு பலகையோடு கடல்மேல் வழுக்கிப் போகிற விளையாட்டு. என் மகள் கல்லூரியில் சேர்ந்த வருடம் அதைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். ராமேஸ்வரம் போகிற வழியில், ஆழமில்லாத ஒரு கடற்பகுதியில் சொல்லித் தருகிறார்கள். தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடப் போனேன். கரையில் உட்கார்ந்து பதறுவதைவிடத் தண்ணீரில் இறங்கிப் பதறலாம் என்று நானும் சேர்ந்துவிட்டேன்.

முதல் நாளே பாய் பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே, மதுரையா? பேச்சு காட்டிக்கொடுக்குது. எந்தப் பக்கம்?"

"ஒத்தக்கடை."

"தண்ணி லாரிக்குக் குடம் வரிசை போடுற ஊரு. அங்கருந்து கடலுக்கே வந்துட்டீங்களா?"

"உங்க தெருவுல மட்டும் வைகை கரைபுரண்டு ஓடுதாக்கும்."

அதன்பிறகு மூவரும் ஒரே காரில்தான் போய்வந்தோம். விடிவதற்குள் அவரைத் தெற்குவாசலில் ஏற்றிக்கொள்வோம். மானாமதுரை தாண்டியதும் அவர் வீட்டு இடியாப்பப் பொட்டலம் திறக்கும். என் மனைவி எங்கள் மூவரையும் சேர்த்தே கேலி செய்வாள். "வயசான ரெண்டும் வயசுப் புள்ளையும் சேந்து பட்டம் விடப் போகுதுக" என்பாள்.

பட்டம் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கயிறுகளின் இந்த முனையில் பட்டை கட்டி நிற்பார். இன்னொருவர் தூரத்தில் பட்டத்தைத் தூக்கி நிறுத்திப் பிடித்திருப்பார். பட்டை கட்டியவர் கயிறுகளைச் சரிபார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய பிறகே மற்றவர் கையை விட வேண்டும். அதற்கு முன்னால் விடக்கூடாது, காட்டிய பிறகு தயங்கவும் கூடாது. பாய்க்கு எப்போதும் என் மகள்தான் பட்டம் பிடிப்பாள். "உங்கப்பா பிடிச்சா பயத்துல விடவே மாட்டாரு. நீ வா தாயி" என்பார்.

அன்று காற்று வழக்கத்தைவிட வேகமாக இருந்தது. பாய் கயிறுகளை மாட்டிக்கொண்டே, அண்ணன் மகள் கல்யாணத்தில் என்ன சமைக்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு சுவாரசியத்தில் இடப்பக்கத்துக் கயிற்றை வலப்பக்கமும், வலப்பக்கத்தை இடப்பக்கமும் மாட்டிவிட்டார். கட்டைவிரலைக் காட்டினார். மகள் கையை விட்டாள். மேலே போன பட்டம் சுழல ஆரம்பித்தது. அவர் ஒரு பக்கம் திருப்ப, அது மறுபக்கம் பாய்ந்தது. கயிற்றைக் கழற்றிவிடுகிற பிடியை அவர் தேடி எடுப்பதற்குள் அது அவரை மணலோடு இழுத்துப்போய், கரையேற்றி வைத்திருந்த ஒரு வள்ளத்தின்மேல் அடித்தது. நான் குனிந்து என் பட்டத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். சத்தம்தான் முதலில் கேட்டது. பச்சை மட்டையை ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம்.

ராமநாதபுரத்தில் முதலுதவி செய்து, ஆம்புலன்சில் மதுரைக்குக் கொண்டுவந்தோம். முட்டிக்குக் கீழே, மூட்டு உட்காருகிற தளமே உடைந்திருந்தது. தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். மருத்துவமனை வராந்தாவில் மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றைச் சொன்னாள்.

"கயித்துக் கலர் மாறியிருந்துச்சுப்பா. சிவப்பு இடப்பக்கம் வரணும். வலப்பக்கம் இருந்துச்சு. நான் பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான் விட்டேன்."

"உனக்கு அந்த நேரத்துல உறைச்சிருக்காதும்மா."

"பார்த்தேன்ல."

பாயை உள்ளே போய்ப் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு பட்டங்களைப் பையோடு சேர்த்துப் பரணில் ஏற்றினாள். கல்லூரிக்குப் போய்வந்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். சில சமயம் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். என் மனைவி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"புள்ளையக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே அவளத் திரும்பக் கூட்டிட்டு வாங்க."

கால் என்றால் எனக்கு ஏற்கெனவே ஒரு பயம் உண்டு. என் அப்பா மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் வேலை பார்த்தவர். கூட வேலை செய்தவர்களில் இரண்டு பேருக்குப் பாறை விழுந்து கால் போனது. பேருந்து நிலையத்து டீக்கடைப் பெஞ்சில் அவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடிதான் நான் பள்ளிக்கூடம் போனேன். பாய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோலவும், என் மகள் அவரைப் பார்த்துக்கொண்டே அந்த வழியில் வயதாகிப் போய்க்கொண்டிருப்பதுபோலவும் எனக்குக் கனவு வந்தது. நான் பாய் வீட்டுக்குத் தவறாமல் போனதற்கு நட்பு மட்டும் காரணம் என்று சொன்னால் பொய்.

அவர்கள் வீடு கடைக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கிறது. மாடியில் குடியிருப்பு. படிக்கட்டில் ஒருவர் ஏறினால் இறங்குகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதில் எப்படியோ அவரைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். அதன்பிறகு அந்த முன்னறைக் கட்டில்தான் அவருக்குக் கடை, தெரு, ஊர் எல்லாம். நான் கல்லூரி முடிந்து போகும்போது அறை நிறைய ஆட்கள் இருப்பார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ், ஆளுக்கொரு கதை. "எங்க மச்சானுக்கும் இதே இடந்தான் பாய். தகடு ஒத்துக்கல, திரும்ப அறுத்தாங்க" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பாய் போனில் காற்றின் வேகம் காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"இன்னைக்கு அங்க அருமையான காத்துண்ணே. போகலையா?"

"நீங்க இல்லாம யாரு இடியாப்பம் கொண்டு வருவா?"

"அம்புட்டுத்தானா நம்ம மரியாதை."

கடலில் போய்க்கொண்டிருப்பவர் கரையேற விரும்பினால் தலை உச்சியில் கையால் தட்டிக் காட்டுவார். பட்டத்தை வந்து பிடியுங்கள் என்று அர்த்தம். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால், வந்திருக்கிறவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, பாய் என்னைப் பார்த்துத் தலையில் தட்டிக்கொள்வார். நான் எழுந்து போய் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்குவேன். தலையில் ஏதோ கடிக்கிறது என்று நினைத்து ஒரு பெரியவர் சீப்பு எடுத்துக் கொடுத்தார்.

டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். இப்போதைக்குக் காலைத் தரையில் ஊன்றக்கூடாது. ஆனால் முட்டியைத் தினமும் மடக்கி நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது அப்படியே இறுகிவிடும். அந்த வீடு முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கியது. ஊன்றக்கூடாத காலை எப்படி மடக்குவது என்பது அவருடைய உம்மாவின் கேள்வி. உம்மாவுக்கு மகனின் கால் படுக்கையில் வெறுமனே கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காது. முட்டிக்கு அடியில் ஒரு இலவம்பஞ்சுத் தலையணையைச் செருகிவிடுவார். கால் சொகுசாகப் பாதி வளைந்து, அதே நிலையில் கிடக்கும். கூடவே ஆட்டுக்கால் சூப். அவர் காய்ச்சுவது போதாதென்று மகபூப்பாளையத்திலிருந்து உம்மாவின் மகள் வீட்டுச் சூப்பும் தூக்குச்சட்டியில் வரும்.

பயிற்சி கொடுக்க சமயநல்லூரிலிருந்து ஒரு பிசியோதெரபி அம்மா ஸ்கூட்டரில் வருவார். உள்ளே நுழைந்ததும் தலையணையைத்தான் முதலில் பிடுங்குவார்.

"யாரு இதத் திரும்ப வச்சது?"

உம்மா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார்.

"இது இங்க இருந்துச்சுன்னா கால் நீளவும் நீளாது, மடங்கவும் மடங்காது. சூப்பு குடிச்சு ஆட்டுக்குத்தான் கால் இல்லாமப் போகுது. இவருக்குக் கால் வரணும்னா மடக்கணும்."

அவர் குதிகாலைப் பிடித்து மடக்க ஆரம்பித்ததுமே பாய் போடுகிற சத்தத்தில் உம்மா ஓதத் தொடங்குவார், பாயின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். பிசியோதெரபி அம்மாவால் எல்லா நாளும் வர முடியாது. அவர் வராத நாட்களில் வீட்டில் யாராவது ஒருவர் செய்ய வேண்டும். பாயின் மனைவி முயன்றார். கணவர் கத்தியதுமே காலை விட்டுவிட்டார். நான் முயன்றேன். ஒரு விரல் அளவு மடக்குவதற்குள் பாய், "அண்ணே, ஒரு நிமிசம், உங்க காலேஜ்ல அந்தப் பிரச்சினை என்னாச்சு?" என்பார். நான் பதில் சொல்ல ஆரம்பிப்பேன். கால் பழைய இடத்துக்குப் போயிருக்கும். அவர் வலியைப் பார்த்தால் நான் விட்டுவிடுவேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கோணம் அளக்கிற கருவியை வைத்துப் பார்த்த பிசியோதெரபி அம்மா, போன வாரத்தைவிடக் குறைந்திருக்கிறது என்றார். இப்படியே போனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் மடக்க வேண்டியிருக்கும், அதுவும் எவ்வளவு பலிக்கும் என்று சொல்ல முடியாது என்றார்.

அன்றைக்கு ஆட்கள் போன பிறகு பாய் முதல்முறையாக விளையாட்டில்லாமல் பேசினார்.

"அண்ணே, கடலுக்கு நான் திரும்பப் போகாட்டியும் போகுது. கல்யாணத்துல கீழ உக்காரணும்."

அண்ணன் மகளின் கல்யாணத்தைச் சொன்னார். அவர்கள் விருந்தில் சஹன் வைப்பார்கள். பெரிய தட்டு ஒன்றில் பிரியாணியைக் குவித்து நடுவில் வைத்து, நாலைந்து பேர் அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவது. மாப்பிள்ளை வீட்டாரோடு முதல் சஹனில் பெண்ணின் தகப்பனும் சித்தப்பாவும் உட்கார வேண்டும் என்பது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவர்கள் வழக்கில் அப்பா வாப்பா, அண்ணன் காக்கா, சித்தப்பா சாச்சா. அந்தச் சாச்சா இவர்தான். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு ஓரமாக மேசை போட்டுத் தனித்தட்டு வைப்பார்கள்.

"எங்க வாப்பா மௌத்தாகி எங்கள விட்டுப் போனப்போ நான் சின்னப் பய. காக்காதான் என்னையத் தன் சஹன்ல உக்கார வச்சுக் கறிய என் பக்கம் தள்ளுவாரு. அவரு மக கல்யாணத்துல நான் மேசையில தனியா உக்காந்து திங்கணுமா? இறங்காதுண்ணே."

என் அப்பா டீக்கடைகளில் தனி டம்ளரில் குடித்து வளர்ந்தவர். தனியாக வைத்துக் கொடுப்பது என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் காலைப் பார்த்தேன். அது தலையணைமேல் கிடந்தது. நானே அதை உருவி எடுத்தேன்.

"பாப்பாவக் கூட்டிட்டு வாங்க" என்றார் பாய்.

"வர மாட்டேங்கிறா."

"எதுக்குன்னு தெரியும். அதான் கூட்டிட்டு வாங்கங்கிறேன். எனக்குப் பட்டம் பிடிக்க ஆள் வேணும்னு சொல்லுங்க."

அப்படியே போய்ச் சொன்னேன். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள். சந்து முனையில் நிறுத்தியதும் இறங்க மறுத்துவிட்டாள். நான் சாவியை அவளிடமே விட்டுவிட்டு மேலே போனேன். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் படியில் காலடி கேட்டது.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாய் மெலிந்திருந்தார், தாடி வளர்ந்திருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். பாய் நலமெல்லாம் விசாரிக்கவில்லை.

"வா தாயி. குதிகாலப் பிடி. மெதுவா மடக்கு. நான் கட்டை விரலக் காட்டுற வரைக்கும் விடாத. என்ன கத்துனாலும் விடாத. உங்கப்பா மாதிரி பேச்சுக்கு மயங்காத."

உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஏம்ப்பா, வயசுப் பொம்பளப் புள்ளய எதுக்குக் கால..." என்று இழுத்தார். பாயின் மனைவி அவரைக் கையமர்த்தினார். "விடுங்க மாமி. நம்ம வீட்டுப் புள்ள. நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று கட்டிலின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மகள் குதிகாலை இரண்டு கைகளாலும் ஏந்தினாள். மடக்கத் தொடங்கினாள். பாய் பல்லைக் கடித்தார். பிறகு என் கல்லூரியைப் பற்றிக் கேட்டார். அவள் நிறுத்தவில்லை. வைகையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். அவள் நிறுத்தவில்லை. அவர் கத்தினார். உம்மா ஓதினார். நான் நாற்காலியின் கையை இறுக்கிக்கொண்டு, போதும் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் அவருடைய வலது கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் அவள் தாடையிலிருந்து சொட்டியது, கை தளரவில்லை. வெகுநேரம் கழித்துப் பாய் வியர்த்து ஒழுக, கட்டைவிரலை உயர்த்தினார். அவள் அந்தக் கணமே பிடியைத் தளர்த்திக் காலை மெல்ல நீட்டி வைத்தாள்.

"கலர் மாறியிருந்துச்சு மாமா" என்றாள். "நான் பார்த்தேன்."

பாய் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"நான் கயிறக் கையில பிடிச்சே மாட்டுனேன் தாயி. எனக்கே தெரியல. நீ அங்கிட்டு எங்கயோ நிக்கிற. கையக் காட்டுனா விடணும். காட்டுனேன், விட்ட. உன் வேலைய நீ ஒழுங்காப் பார்த்த. என் வேலைய நான் பாக்கல. பிரியாணிய நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"எனக்காகச் சொல்றீங்க."

"உனக்காகச் சொல்ல எனக்கென்ன. உன்னையச் சமாதானம் பண்ணவா காலக் குடுத்துக்கிட்டு இருக்கேன்? நாளைக்கும் வா."

அவள் நம்பவில்லை. காரில் திரும்பும்போது, "முட்டி மடங்கட்டும், பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்குப் பயம் கூடிவிட்டது. தன்னை மன்னிக்க அவள் அந்த முட்டியிடம் வாய்தா வாங்கியிருக்கிறாள் என்று புரிந்தது. முட்டி மடங்காவிட்டால்?

அன்றிலிருந்து கல்லூரி விட்டதும் அவளே ஒத்தக்கடையில் பஸ் ஏறிப் பெரியார் நிலையத்தில் இறங்கிப் போக ஆரம்பித்தாள். பிசியோதெரபி அம்மா எந்த இடத்தில் பிடிக்க வேண்டும், எங்கே அழுத்தக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தார். உம்மா தலையணையை எடுத்து அலமாரிமேல் வைத்தார், என் மகள் வருகிற நேரம் மட்டுமாவது. அவளுக்கும் ஒரு கிண்ணம் சூப் தயாராக இருக்கும். அதை மறுக்கத் தெரியாமல் குடித்துக் குடித்து அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. முட்டி இறுக்கம் விட்டது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட முடிந்தது. வாக்கரைப் பிடித்து, பிறகு கம்பை ஊன்றி, அவர் ஒருநாள் படியில் இறங்கிக் கடைக்கே வந்துவிட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடி எனக்குப் போன் செய்தார். "அண்ணே, என் சட்டிபான எல்லாம் என்னைய மறந்துட்டுச்சு" என்றார். நானும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

ஆனால் நாற்காலியில் உட்காருகிற அளவு மடங்கிய முட்டி அங்கேயே நின்றது. தரையில் சம்மணம் போட இன்னும் நிறைய மடங்க வேண்டும். கல்யாணம் நெருங்க நெருங்க மகள் இன்னும் பிடிவாதமாக அழுத்தினாள். வீக்கம் வந்தது. பிசியோதெரபி அம்மா அவளை அதட்டினார்: "முறிச்சுப்புடாத. இது போறபோதுதான் போகும்." மகள் மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

கல்யாண மண்டபம் தெற்குவாசலுக்குப் பக்கத்தில். நிக்காஹ் முடிந்து துஆ ஓதியதும் பெண்கள் மேல்தளத்துக்குப் போனார்கள். என் மனைவியும் மகளும் பாயின் மனைவியோடு போய்விட்டார்கள். கீழே ஆண்களுக்கு ஜமக்காளம் விரித்துச் சஹன்களைக் கொண்டுவந்தார்கள். ஓரத்தில் மூன்று மேசைகள். அதில் ஒன்றை எனக்கும் காட்டினார்கள். கம்பை ஊன்றியபடி நம் பாய் முதல் சஹனுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய அண்ணன் வந்து தோளைத் தொட்டார்.

"மேசை போட்டிருக்கேன்டா. ஒருத்தரும் ஒண்ணும் நினைக்க மாட்டாக."

"வேணாம் காக்கா. உக்காந்து பாக்குறேன்."

அவர் என்னைத் தேடுவது தெரிந்தது. நான் போய் ஒரு பக்கமும், அவருடைய அண்ணன் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு கீழே இறக்கினோம். வலது கால் மடங்கியது. இடது காலை அவர் தன் இரண்டு கைகளாலும் இழுத்து மடக்கப் பார்த்தார். பாதியில் நின்றது. நெற்றி வியர்த்தது. இன்னொரு முறை இழுத்தார். மாப்பிள்ளையின் தகப்பனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். பாய் கையை எடுத்தார். கால் மெல்லத் தானாக நீண்டுகொண்டது. பாதம் நேராகச் சோற்றுத் தட்டை நோக்கி நின்றது. சாப்பாட்டுக்கு நேராகக் காலை நீட்டுகிற அவமானம் அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. எழுந்திருக்கத் தரையில் கையூன்றினார்.

நான் யோசிக்கவில்லை. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தட்டுக்கு விலக்கி எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணே, என்ன இது. விடுங்க."

"கட்டை விரலக் காட்டாம விடக்கூடாதுல்ல. சாப்பிடுங்க."

மாப்பிள்ளையின் தகப்பனார் சிரித்துவிட்டார். கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் விட்டார். ஐந்து பேர் உட்காருகிற சஹனில் ஆறு பேராகிவிட்டோம். அண்ணன் பிஸ்மில்லா சொல்லிக் கையை வைத்தார். நான் எந்தப் பக்கத்திலிருந்து எடுப்பது என்று தெரியாமல் தயங்கினேன். பாய், "உங்க முன்னாடி இருக்கிறது உங்களுக்கு. அடுத்தவக சோத்துல கை வைக்காம இருந்தா சரி" என்றார். அவருடைய அண்ணன் ஒரு நல்ல கறித்துண்டை எடுத்துத் தம்பி பக்கம் தள்ளினார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். தகடும் திருகாணியுமாக அந்தக் கால் என் மடியில் கனத்தது. பிரியாணிக்குப் பருப்புத் தால்சா ஊற்ற வந்தவர் என் மடியைப் பார்த்துத் திகைத்ததில் கொஞ்சம் பாதத்திலும் ஊற்றிவிட்டார்.

மாலையில் வீட்டுக்குக் காரை ஓட்டினேன். மனைவி பின்னால் உறங்கிவிட்டாள். மகள் என் பக்கத்தில் இருந்தாள். ரிங் ரோடு ஏறும்வரை காத்திருந்து கேட்டாள்.

"கீழ உக்காந்தாங்களா?"

"உக்காந்தாரு."

"முட்டி மடங்குச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மேல்தளத்திலிருந்து அவள் பார்த்திருக்க முடியாது. சொல்ல வாய்கூடத் திறந்தேன். ஆனால் நாளைக்கே அவள் அந்தக் குதிகாலைப் பிடிப்பாள். அவள் கைக்குத் தெரிந்துவிடும்.

"மடங்கல. நாங்க பிடிச்சு உக்கார வச்சோம். காலை நீட்டி என் மடியில போட்டுக்கிட்டாரு. அப்படியே சாப்பிட்டாரு."

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். யானைமலை இருட்டத் தொடங்கியிருந்தது. நான் கியரை மாற்றவேண்டிய இடங்களில்கூட மாற்றாமல் ஓட்டினேன்.

"உங்க மடியிலயா?" என்றாள்.

"ஆமா. தால்சாவக் கால்ல ஊத்திட்டாங்க. பாரு, வேட்டியெல்லாம் மஞ்சள்."

வேட்டியைப் பார்த்தாள். சிரித்தாள் என்று சொல்ல முடியாது. மூக்கிலிருந்து ஒரு காற்று வந்தது.

"வயிறு நிறையச் சாப்பிட்டாங்களா?"

"ரெண்டு தடவ சோறு வாங்குனாரு."

தன் கைப்பையிலிருந்து கல்யாண வீட்டில் கொடுத்த இனிப்புப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். ஒன்றை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே சொன்னாள்.

"நாளைக்குச் சீக்கிரம் போகணும்ப்பா. இன்னைக்கு ஒருநாள் விட்டுப்போச்சு. விட்டா மறுபடி இறுகிக்கிரும்."

சரி என்றேன். இன்னொன்றையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.